சக்கர நட்டை இறுக்குவது கைப்பலத்தின் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் சொந்தக் காரில் ஏற்காட்டுக்குச் செல்வோருக்கென்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த அறிவுரைக் கட்டுரையைப் படித்தேன். டயரின் காற்றழுத்தம், பிரேக் ஆயில், ரேடியேட்டர் நீர், இறக்கத்தில் எந்த கியரில் வர வேண்டும் என்பது வரை தேவையானவற்றையெல்லாம் பொறுப்புடன் எழுதியிருந்த கட்டுரையாளர், சக்கர நட்டுகளைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் மட்டும், பட்டறையில் முழு பலத்தோடு இறுக்கித் தரச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்கு மறுப்பாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தளர்வாக விடப்பட்ட நட்டைப் போலவே அளவுக்கு மேல் இறுக்கப்பட்ட நட்டும் சக்கரத்தைக் கழற்றிவிடக் கூடியது என்பதும், சரியான அளவு என்ன என்பதை ஒவ்வொரு காருக்கும் அதன் தயாரிப்பாளரே எண்ணாகக் கொடுத்திருக்கிறார் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஓமலூர் சாலைப் பக்கம் சிறிய அளவில் கார் பட்டறை நடத்தி வருபவன் நான். சேலத்தில் விரைவுக் கார் வைத்திருப்போர் அதிகமில்லை என்றாலும், அந்தச் சிலரில் கணிசமானோர் வாரக் கடைசியில் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்துக்கோ காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறவர்கள். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததையும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி கலந்துகொண்டதையும் பார்த்த பிறகு, பழைய போலோ, ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி வைத்திருக்கும் இளைஞர்களும் தடத்துக்குப் போக ஆசைப்பட்டு வருகிறார்கள். வரவேற்க வேண்டிய ஆசைதான்; ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையே பந்தயத் தடமாக நினைத்து நள்ளிரவில் ஏறி இறங்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வருகிறவர்கள் கேட்பது சைலன்சரை மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, கம்ப்யூட்டரில் எஞ்சின் திறனைக் கூட்டுவது ஆகியவற்றைத்தான். ஏற்கெனவே காரில் இருக்கும் போல்ட்டுகள் உரிய அளவில் இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு எவரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இறுக்குதல் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. நட்டைத் திருகும்போது, அது ஏறும் மரையிட்ட (திருகு வரிகள் கொண்ட) தண்டான ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது; நீண்ட எஃகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது; அந்த இழுப்புதான் சக்கரத்தை, அச்சு முனையில் அது பொருந்தும் பகுதியான ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. காரின் எடையையும், பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் விசையையும் தாங்குவது ஸ்டட்டுகள் என்றே பலர் எண்ணுகிறார்கள். சரியாக இறுக்கப்பட்ட சக்கரத்தில் அந்த விசை ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வின் வழியாகவே கடந்து செல்கிறது. ஸ்டட்டின் வேலை அவ்விரண்டையும் பிரியாமல் அழுத்தி வைப்பது மட்டுமே. 12 மில்லிமீட்டர் ஸ்டட் கொண்ட ஹோண்டா கார்களுக்கு அந்நிறுவனம் குறிக்கும் 108 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின், அதாவது திருகும் விசையின் அலகு) அளவில் இறுக்கினால், உலர்ந்த மரையில் ஒரு ஸ்டட்டுக்குத் தோராயமாக 45 கிலோ நியூட்டன், அதாவது நான்கரை டன் அழுத்தம் கிடைக்கிறது. நான்கு நட்டும் சேர்ந்து பதினெட்டு டன். இந்த அழுத்தம் குறைந்தால் ரிம் ஹப்பின் மீது மயிரிழை அளவுக்கு நகரத் தொடங்கும். நகர்ந்தால் ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் இப்படியும் அப்படியும் வளையும். வளைந்து வளைந்து களைத்த எஃகு ஒரு நாள் முறியும். அளவுக்கு மேல் இறுக்கினாலோ ஸ்டட் மீள முடியாத நீட்சிக்குப் போய்விடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு நிற்காது.

இனி, முழு பலம் என்பது எவ்வளவு என்று பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வீல் ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் நட்டின் மீது விழும் முறுக்குவிசை சுமார் 177 நியூட்டன் மீட்டர். அதே ஆள் தரையில் குந்தியபடி 25 சென்டிமீட்டர் ஸ்பேனரை முப்பது கிலோ விசையில் இழுத்தால் 74-ஐத் தாண்டாது. இரண்டுமே அவருடைய முழு பலம்தான். தேவைப்பட்ட 108 இரண்டிலும் இல்லை. புறவழிச்சாலை டயர் கடைகளில் பயன்படுத்தும் அரை அங்குல ஏர் கன்களில் பல 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரக் கூடியவை. அந்தக் கடைகளில் வேலை நடக்கும் விதத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஜாக்கியில் தொங்கும் சக்கரத்தில் நட்டைக் கையால் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் கன்னின் சாக்கெட்டிலேயே வைத்து அழுத்துவார்கள். சத்தம் மாறிய பிறகும் விரல் விசையிலிருந்து எடுபடாது. வாடிக்கையாளரின் மனநிறைவுக்காக இன்னும் ஒரு முறை ‘டர்ர்’ என்று கொடுத்துவிட்டுத்தான் அடுத்த நட்டுக்குப் போவார்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட் 10.9 எனக் குறிக்கப்படும் உயர் வலிமைத் தரத்ததாகவே இருந்தாலும், நிரந்தர நீட்சி இல்லாமல் அது தாங்கும் இழுவிசை ஏறத்தாழ 73 கிலோ நியூட்டன். உலர்ந்த மரையில் 250 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலே இழுப்பு நூறைக் கடந்துவிடும்.

அப்படி வந்த ஒரு காரின் ஸ்டட்டுகளை அண்மையில் கழற்றிப் பார்க்க நேர்ந்தது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை. நட்டைக் கையால் ஓட்டினால் முதல் ஆறேழு மரை வரை வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு மேல் கையால் நகரவில்லை. 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரை அளவியை ஸ்டட்டின் மீது வைத்தபோது, முனைப் பக்கம் பற்கள் இடைவெளியின்றிப் பொருந்தின; ஹப்பை ஒட்டிய நான்கைந்து மரைகளில் மட்டும் அளவியின் பற்கள் பள்ளத்தில் உட்காராமல் ஏறி நின்றன, பின்னாலிருந்து வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் ஸ்டட் நீண்டு இடுப்பு சிறுத்திருந்தது. உரிமையாளர் குடும்பத்தோடு குப்பனூர் வழியாக ஏற்காடு போய்த் திரும்பியவர். பிரேக் அழுத்தும்போது ஸ்டீயரிங் உதறுகிறது என்பது மட்டுமே அவர் சொன்ன குறை. ஒரு நட்டு மிகையாகவும் அடுத்தது குறைவாகவும் இறுகியிருந்தால் டிஸ்க் தட்டும் சற்றே கோணிக்கொள்ளும் என்பதும், இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் சூடேறும்போது அந்தக் கோணல் உதறலாக வெளிப்படும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் விலை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு காருக்கும் அளவு வேறு. டொயோட்டாவின் பெரும்பாலான பயணக் கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 108, ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு 120, 14 மில்லிமீட்டர் போல்ட் கொண்ட பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு 140, 996 தலைமுறை போர்ஷே 911-க்கும் அதே காலத்து பாக்ஸ்டருக்கும் 130. அண்மைக் காலத்து 911 ஜி.டி.3 போன்றவற்றில் ஐந்து போல்ட்டுக்குப் பதிலாக நடுவில் ஒரே பெரிய நட்டு; அதற்கு 600. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தந்தக் காரின் கையேட்டில், பெரும்பாலும் ஸ்டெப்னி மாற்றும் பக்கத்திலோ தொழில்நுட்ப விவரப் பட்டியலிலோ அது அச்சாகியிருக்கிறது. கையேடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

எண் தெரிந்தாலும் அலகில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. வைத்த அளவை எட்டியதும் ‘க்ளிக்’ என்று அறிவிக்கும் டார்க் ரெஞ்சுகள் சந்தையில் விற்கின்றன; அவற்றில் பலவற்றில் நியூட்டன் மீட்டர் ஒரு பக்கமும் அடி-பவுண்டு மறு பக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு அடி-பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். போலோவுக்குரிய 120-ஐத் தவறான பக்கத்தில் வைத்து இறுக்கினால் போல்ட்டுக்குப் போவது 163. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிகை. ரெஞ்சோ மிகச் சரியான இடத்தில் ‘க்ளிக்’ என்று சொல்லிவிடும், செய்தவருக்கும் சந்தேகம் வராது.

எண்ணெய் விஷயம் இதைவிட நுட்பமானது. நட்டின் மீது நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் இருக்கை உராய்வுக்கும், நாற்பது விழுக்காடு மரையின் உராய்வுக்கும் போய், மீதிப் பத்து விழுக்காடு அளவுதான் ஸ்டட்டை நீட்டுவதற்குப் பயன்படுகிறது என்பது பொறியியலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. ஆகவே உராய்வில் சிறு மாறுதல் வந்தாலும் பிடிப்பில் பெரிய மாறுதல் வந்துவிடும். அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும் என்று நல்லெண்ணத்தோடு மரையில் கிரீஸ் தடவி, அதே 108-இல் இறுக்கினால், 45 கிலோ நியூட்டனாக இருக்க வேண்டிய இழுப்பு 60-ஐ நெருங்கும். மாறாக, துருவும் மலைச்சாலைச் சேறும் காய்ந்து அடைத்திருக்கும் மரையில் அதே 108 பாதிப் பிடிப்பைக்கூடத் தராமல் போகலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்கிறார்கள். போர்ஷேவோ தன் போல்ட்டுகளின் மரையில் அலுமினியப் பசையை மெல்லியதாகத் தடவச் சொல்கிறது. கொடுத்த எண்ணும் பசை தடவிய மரைக்கானது. ஆனால் ரிம்மில் உட்காரும் கோள வடிவ முகத்தில் அந்தப் பசை படக் கூடாது. ஒரு காரின் விதியை இன்னொரு காருக்குப் பொருத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இதற்கு மேல் சான்று தேட வேண்டியதில்லை.

கோள வடிவ முகம் என்றேன். நட்டின் அடிப்பகுதி சிலவற்றில் கூம்பாகவும் சிலவற்றில் உருண்டையாகவும் இருக்கும். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், போர்ஷே ஆகியவை நிறுவனத்தின் சொந்த ரிம்முக்கு உருண்டை முகத்தைப் பயன்படுத்துகின்றன. வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை கூம்புக்காகக் குடையப்பட்டவை. புதிய அலாய் வீலைப் பழைய நட்டோடு மாட்டினால் இரண்டும் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், சக்கரம் தளர்ந்துவிடும். கழற்றும்போது ரிம்மின் துளையைப் பாருங்கள்: இருக்கை முழுவதும் ஒரே சீராக மினுங்கினால் பொருத்தம் சரி, நூல் பிடித்தாற்போல ஒரு வளையம் மட்டும் பளபளத்து, மற்ற இடத்தில் பெயின்ட் அப்படியே இருந்தால் அந்த நட்டு அந்த ரிம்முக்கு உரியதல்ல. ஹப்பும் ரிம்மும் சேரும் முகத்தில் தடிமனாக பெயின்ட் அடித்துத் தரும் கடைகளும் நம் ஊரில் உண்டு, அழகாகத்தான் இருக்கும், அழுத்தத்தில் அந்த பெயின்ட் நசுங்கி ஒதுங்க ஒதுங்க நட்டின் பிடிப்பும் அதோடு ஒதுங்கிவிடும்.

இதனால்தான் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போய்த் திரும்பினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலையில் டயர் மாற்றிக்கொண்டு மலையேறிவிட்டு வருகிறவர், மாலையில் காரை நிறுத்தி பிரேக் ஆறிய பின் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. செட்டிப்பாளையம் போகிறவருக்கோ வழியிலேயே 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. எனவே வீட்டில் இறுக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு நேரே தடத்தில் இறங்கக் கூடாது, அங்கே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை நட்டுகளைப் பார்ப்பதுதான்.

தடத்தில் ஓட்டும்போது வரும் வெப்பம் சாலையில் வருவதோடு ஒப்பிடத் தக்கதல்ல. டிஸ்க் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். ஹப்பும் ரிம்மின் நடுப்பகுதியும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம். சூட்டில் ரிம் விரிந்து நிற்கும்போது இறுக்கினால், ஆறியதும் அது சுருங்கி, பிடிப்பு குறைந்துவிடும். ஒவ்வொரு சுற்று ஓட்டத்துக்குப் பிறகும் சரிபார்க்க வேண்டும் என்பது சரியே. ஆனால் வந்து நின்ற நொடியிலேயே ரெஞ்சை எடுத்துக்கொண்டு ஓடாமல், ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அவசரத்துக்குச் சூட்டில் இறுக்க நேர்ந்தால், ஆறிய பின் தளர்த்தி மறுபடி உரிய அளவில் இறுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இறுகியிருக்கும் நட்டில் ரெஞ்சை வைத்ததும் ‘க்ளிக்’ என்று வந்துவிட்டால், குறைவாக இல்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. எவ்வளவு மிகையாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஏர் கன்னால் 250-இல் இறுக்கிவிட்டு, பிறகு 108-இல் வைத்த ரெஞ்சைத் தொட்டு க்ளிக் வரவழைத்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்னைப் பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. கழற்ற அது உதவட்டும். மாட்டும்போது கையால் முழு மரையும் ஓட்டி, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக முதலில் பாதி அளவுக்கும், சக்கரத்தைத் தரையில் இறக்கியபின் முழு அளவுக்கும் இறுக்குவதற்கு ஒரு சக்கரத்துக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சக்கரத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். தடத்துக்குப் போகும் காரில் பார்க்க வேண்டிய மற்றவையும் உண்டு. பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிபரின் போல்ட்டுகள், முன்சொன்ன பாக்ஸ்டரில் 85 நியூட்டன் மீட்டர், அடுத்த முக்கியத்துவம் உடையவை. இருக்கையைத் தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் பெல்ட் போல்ட்டுகளையும் ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் அலுமினியத்தால் ஆனதாக இருந்தால், ஆயிலை வடிக்கும் அதன் டிரெய்ன் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 வரைதான்; ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாதென்று அதை ஏறி மிதித்து இறுக்கியதால் மரை போய், சம்ப்பையே மாற்றிய கார்களை எண்ணி மாளாது. எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கும் அப்படியே. சில போல்ட்டுகளுக்கு, குறிப்பாக சிலிண்டர் ஹெட்டில், முறுக்குவிசையோடு கோணமும் கொடுத்திருப்பார்கள்: குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, பிறகு 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி என்று. அவற்றில் பல வேண்டுமென்றே நீட்சி எல்லை வரை இழுக்கப்படுபவை. ஒரு முறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். பழையதைத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதியதற்குப் பணம் வாங்குவோரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கடிதம் வேறு திசைக்குப் போய்விடும்.

சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ்ஷை மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது நல்ல மெக்கானிக்குகளும் கவனிக்காமல் விடும் இடம். ரப்பரும் இரும்பும் ஒட்டிய புஷ்ஷின் நடுக்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது ரப்பர்தான் முறுகும். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அந்த போல்ட்டை முழு அளவில் இறுக்கினால், கார் தரையில் இறங்கிய கணத்திலிருந்தே ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். டார்க் எண் துல்லியமாக இருந்தும் சில மாதங்களில் புஷ் கிழியும். காரின் உயரமும் வளைவில் அதன் நடத்தையும் மாறும். ஆர்மைக் கார் நிற்கும் உயரத்துக்கு ஜாக்கியால் தூக்கி வைத்தோ, சக்கரங்கள் சரிவுமேடையில் நிற்கும்போதோதான் கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கோடு போடும் வழக்கத்துக்குச் செலவு ஒரு பேனாவின் விலைதான்.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உருக்காலையால் துருப்பிடிக்காத எஃகுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், எல்லா போல்ட்டையும் பளபளக்கும் எஸ்.எஸ். போல்ட்டாக மாற்றிவிட வேண்டும் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. அடுக்களைக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் அந்த எஃகு அருமையானது. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை எஸ்.எஸ். போல்ட்டின் இழுவலிமை 700 மெகா பாஸ்கல். மீளாமல் நீளத் தொடங்குவது 450-இல். காலிபரில் நிறுவனம் போட்டு அனுப்பும் போல்ட்டின் தலையில் 10.9 என்று இருந்தால், அதன் வலிமை 1000-க்குக் குறையாது, அதில் தொண்ணூறு விழுக்காடு வரை நீளாமல் தாங்கும். நீளாமல் தாங்கும் திறன் பாதியளவே உள்ள போல்ட்டை அதே முறுக்குவிசையில் இறுக்கினால் ஒன்று அது நீளும், இல்லையென்றால் எஸ்.எஸ். மரைகளுக்கே உரிய குணப்படி ஒன்றோடொன்று கடித்து ஒட்டிக்கொண்டு, பிடிப்பே வராமல் ரெஞ்ச் மட்டும் க்ளிக் ஆகும். எஞ்சின் மேல்மூடியின் அலங்காரத்துக்கு வேண்டுமானால் எஸ்.எஸ். இருக்கட்டும், பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பக்கம் அது வரவே கூடாது.

மாணவர்களுக்காக நடத்தப்படும் ஃபார்முலா பாரத் போட்டியும் செட்டிப்பாளையத்தில்தான் நடந்து வருகிறது. இத்தகைய மாணவர் போட்டிகளின் விதிகள், முக்கிய இடங்களில் 8.8 தரத்துக்குக் குறைந்த போல்ட்டை ஏற்பதில்லை. அதிர்வில் கழலாதபடி பூட்டும் ஏற்பாடு இருக்க வேண்டும். பூட்டு நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு முழு மரைகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருபது வயது மாணவர் தம் கையால் கட்டிய காரில் இவ்வளவும் பார்க்கப்படுகிறது. குடும்பமே ஏறிச் செல்லும் கார் பட்டறையிலிருந்து வெளியே வரும்போது எதுவும் பார்க்கப்படுவதில்லை.

எதிர்வாதம் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து அம்பாசடருக்கு யார் டார்க் ரெஞ்ச் வைத்தார்கள், கை அளவிலேயே லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடவில்லையா என்பார்கள். ஓடியது உண்மை. நான் தொழில் கற்றுக்கொண்ட பெரியவரின் கை, கண்ணை மூடிக்கொண்டே இரும்பு ரிம்மில் ஏறத்தாழச் சரியான அளவைத் தொட்டுவிடும். அவரைப் போன்றோரின் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரும்பு ரிம்மின் நட்டு இருக்கையே சற்று வளைந்துகொடுத்துக் கூடுதல் குறைவைப் பொறுத்துக்கொள்ளும். அலாய் வீலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்தப் பெரியவரின் கையும் ஒரே அளவு ஸ்பேனரில், ஒரே வகைக் காரில் பழகிய கை. இன்று ஒரு பட்டறைக்கு ஒரே நாளில் 103-உம் 120-உம் 140-உம் வேண்டிய கார்கள் வருகின்றன.

நல்ல டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு அலாய் வீலின் விலைகூட ஆகாது. வாங்கினால் போதாது, பேண வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்குத் திருப்பி வைக்காவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சோர்ந்து பொய் சொல்லத் தொடங்கும். இறுகிய நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. கீழே போட்டுவிட்டால் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஆண்டுக்கொரு முறை அளவுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரிய நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களில் இந்த ஒழுங்கு ஓரளவு இருக்கிறது. கொண்டலாம்பட்டியிலும் சீலநாயக்கன்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் நம்மைப் போன்ற சிறிய பட்டறைகளிலும் டயர் கடைகளிலும்தான் அது வர வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர் கேட்டால் வரும். சக்கரம் கழற்றப்பட்ட ஒவ்வொரு வேலைக்கும், ஜாப் கார்டில் எந்த அளவில் இறுக்கப்பட்டது என்ற எண்ணும், இறுக்கியவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். எண்ணை எழுத வேண்டுமென்றால் முதலில் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தவர் ரெஞ்சையும் எடுத்தாக வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு டார்க் ரெஞ்சைப் பெயரளவில் காட்டுவதோடு நில்லாமல், எண்ணெய் தடவிய மரையிலும் உலர்ந்த மரையிலும் ஒரே எண்ணில் இறுக்கி வேறுபாட்டை அளந்து பார்க்கும் பயிற்சி கொடுத்தால், அவர்கள் வேலைக்கு வந்த பின் எவரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது. ஏற்காடு அடிவாரத்தில் கோடை விழா நாட்களில் வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் அலுவலர்கள், டயரைப் பார்ப்பதோடு நட்டு எதுவும் குறைகிறதா, ஸ்டட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கலாம். நட்டிலிருந்து வெளிநோக்கி ஓடும் செம்பழுப்புக் கோடு, அந்தச் சக்கரம் ஹப்பின் மீது அசைந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி.

தங்கள் ஞாயிறு இணைப்பின் அடுத்த கோடைப் பயணக் கட்டுரையில், முழு பலத்தோடு என்ற அறிவுரைக்குப் பதிலாக, காரின் கையேட்டில் உள்ள அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்கி, மலையிலிருந்து இறங்கியபின் ஆறவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓமலூர் சாலைப் பட்டறைக்காரர் ஒருவர்,
சேலம்.